மஞ்சள் விளக்கும் எலுமிச்சம்பழமும்

ஆயுத பூஜையன்று காலையில் பெங்களூரின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்கு இறங்கினாலும் காட்சி ஒன்றுதான். கழுவித் துடைத்த கார்கள். முன்னால் இரு பக்கமும் வாழைக்கன்று. பானெட்டில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். பூசணிக்காய் சுற்றி உடைத்ததும் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து வண்டியை ஓரடி முன்னால் நகர்த்துவார். பழம் நசுங்கும். பொரியும் கடலையும் கைமாறும்.

சென்ற ஆண்டு அப்படிப் பழம் நசுக்கிய பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குள் தற்செயலாக எட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டில் பிள்ளையார். பிள்ளையாருக்குப் பின்னால், ஸ்பீடோமீட்டரின் ஓரத்தில், இன்ஜின் உருவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு.

"அது மூணு மாசமா எரியுது சார். வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றார்.

எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார். ஒதுங்க இடமில்லாத சந்திலும் ஒதுங்கிப் போகச் சொல்லும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யுங்கள்) இந்த ஊரின் தாரக மந்திரம். மனிதர்கள் அட்ஜஸ்ட் செய்துகொள்கிறார்கள். இன்ஜினும் கொஞ்ச நாள் செய்துகொள்ளும். அந்தக் கொஞ்ச நாளுக்குள் நமக்குச் சேதி சொல்லத்தான் டாஷ்போர்டில் இத்தனை விளக்குகள்.

மீட்டர் சொல்லாத கணக்கு

"இப்பத்தான் முப்பதாயிரம் ஓடியிருக்கு." பெங்களூரில் கார் விற்பவர்கள் பெருமையோடு சொல்வது இது. வாங்குகிறவரும் மயங்குவார். ஆனால், இந்த ஊரில் கிலோமீட்டரை வைத்துக் காரின் வயதைச் சொல்வது, சம்பளச் சீட்டைப் பார்த்து ஒருவரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்வதைப் போல.

டாம்டாம் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு போக்குவரத்துக் கணக்கில், பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. அந்த ஆண்டு உலகில் லண்டனுக்கு அடுத்த இடம் நமக்கு. அதே வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் ஓடியிருக்கும் நேரம் ஏறக்குறைய 486 மணி. கிருஷ்ணகிரி சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரில் அதே தூரத்தை ஓட்டுகிறவரின் இன்ஜினுக்கு 143 மணிதான். மீட்டரில் இருவருக்கும் ஒரே எண். பெங்களூர்க்காரரின் ஆயில் மட்டும் மூன்று மடங்குக்கும் மேலான நேரம் வெந்திருக்கிறது.

கார் கம்பெனிகளுக்கு இது தெரியும். கையேட்டைப் பிரித்தால், பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயோ அடிக்குறிப்பிலேயோ 'கடினமான பயன்பாடு' என்று இன்னொரு பத்தி இருக்கும். நின்று நின்று போவது, புழுதி, குறுகிய தூரப் பயணம் ஆகியவை இருந்தால் சீக்கிரமே மாற்ற வேண்டும் என்று அது சொல்லும். படிக்கும்போது நமக்கு ராஜஸ்தான் பாலைவனம் நினைவுக்கு வரும். உண்மையில் அது பெங்களூரில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைப் பற்றிய பத்தி. நம்மில் பலரின் கையேடு டாஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடப்பதால் இந்த விஷயம் வெளியே வருவதில்லை.

சிவப்பு, மஞ்சள், பச்சை

நிறத்தைப் பொறுத்தவரை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சிவப்பு என்றால் பத்திரமான இடம் பார்த்து இப்போதே நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் வெறும் தகவல். இந்தச் சின்னங்களுக்கு உலகப் பொதுவான ஐ.எஸ்.ஓ. தரமே உண்டு. அதனால்தான் கொரியா காரிலும் ஜப்பான் காரிலும் அதே எண்ணெய்க் குடுவையைப் பார்க்கிறோம்.

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் சில விநாடிகள் எரிந்து அணைகிறதல்லவா? அது அலங்காரமில்லை, விளக்குகளுக்கான ஆஜர்ப் பட்டியல். எது எரிந்தது என்பதைப் போலவே எது எரியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்கும்போது ஏர்பேக் விளக்கை மட்டுமாவது கவனியுங்கள். அது ஒரு முறைகூட எரியாவிட்டால், பழுதை மறைக்க யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கலாம். உங்கள் சொந்தக் காரிலேயே அந்த விளக்கு எரிந்து அணையாமல் நின்றால், முதலில் சீட்டுக்கு அடியில் பாருங்கள். அங்கே திணித்த தண்ணீர் பாட்டிலோ குடையோ வயர் இணைப்பைத் தளர்த்தியிருக்க வாய்ப்பு உண்டு.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் மணிக்கு 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் எச்சரிக்கை ஒலி வரும். பெங்களூருக்குள் அதைக் கேட்டவர் யாராவது இருந்தால் கைகுலுக்க ஆசை.

குடுவை மின்னினால்

டாஷ்போர்டில் நான் பயப்படும் விளக்கு ஒன்றுதான். அலாவுதீன் விளக்கைப் போல மூக்கு நீண்டு, நுனியில் ஒரு சொட்டு தொங்கும் சிவப்பு ஆயில் லைட். 'ஆயில் குறைந்துவிட்டது' என்று இதற்குப் பலரும் பொருள் சொல்கிறார்கள். பெரும்பாலான கார்களில் இது அளவைக் காட்டும் விளக்கே இல்லை, அழுத்தத்தைக் காட்டுவது. ஆயில் பம்ப் அனுப்பும் ஆயில் உள்ளே போதிய அழுத்தத்தில் போய்ச் சேராதபோது ஒரு சின்ன ஸ்விட்ச் இதை ஏற்றுகிறது. சுழலும் கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம்தான் நிற்கிறது. அது போனால் இரும்பும் இரும்பும் உரசும். கணக்கு நிமிடங்களில் இல்லை, விநாடிகளில்.

எனக்கு இது காசு கொடுத்துக் கற்ற பாடம். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல வேண்டாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றிய மறுவாரம், ஓசூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அத்திப்பள்ளி தாண்டி ஒரு வளைவில் குடுவை ஒரு கணம் மின்னி அணைந்தது. வண்டி சாயும்போது மிச்சமிருந்த ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியதன் அடையாளம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியதும் நிலையாகவே எரிந்தது. பாலத்தில் நிறுத்த இடமில்லை, இறங்கிப் பார்ப்போம், மடிவாளாதானே, வீடு பக்கம்தானே என்று ஒவ்வொரு சாக்காகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இன்ஜின் 'டக்... டக்...' என்று உரலிடிக்கிற சத்தம் போட்டது. ஆயில் வடிக்கும் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தார்கள்.

வில்சன் கார்டனில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, லைட் வந்த எடத்துலயே நிறுத்தியிருந்தா ஆயில் காசு. வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்தீங்க. இப்ப இன்ஜின் காசு."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிப் ஸ்டிக் பார்ப்பது பல் தேய்ப்பதைப் போல ஆகிவிட்டது. சமதளத்தில், இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து, குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால், ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கோட்டுக்கு மேலே போனாலும் நல்லதில்லை. அது ஏன் மேலே போகும் என்பது டீசல்காரர்களுக்கான கதை, பிறகு வருகிறேன்.

வெப்பமானி போன்ற சிவப்பு விளக்குக்கும் இதே மரியாதை தர வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் இருக்கும் அழுத்தமும் கூலன்ட்டும் சேர்ந்துதான் அந்தக் கொதிநிலையை 120 டிகிரிக்கு மேலே தூக்கி வைத்திருக்கின்றன. அவசரத்துக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றி, பிறகு அதை மறந்துவிடுகிறவர்கள் கூலன்ட்டின் பலத்தைக் குறைத்து, உள்ளே உப்பும் படிய விடுகிறார்கள். கெட்டிலில் வெள்ளையாகப் படிவதை இந்த ஊரில் பார்க்காதவர் உண்டா? சூடேறியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பி, ஓரம் கட்டுங்கள். ஹீட்டர் இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்ஜின் ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. துணியைச் சுற்றித் திறந்து முகம் வெந்தவர்கள் பற்றி எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

ஆடுகோடியிலிருந்து ஓர் எலி வரைக்கும்

மஞ்சள் இன்ஜின் விளக்குக்கும் பெங்களூருக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஆடுகோடியில் இருந்த 'மைக்கோ' ஆலையைப் பழைய பெங்களூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கம் அது. ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்தார்கள். அதன் பெயரை இன்றும் ஒரு லேஅவுட் தாங்கி நிற்கிறது. 2008-இல் அது 'பாஷ் லிமிடெட்' ஆயிற்று. அதன் ஜெர்மன் தாய் நிறுவனத்தின் கைவண்ணம் நம் டாஷ்போர்டு முழுக்க இருக்கிறது. புகைக்குழாயில் ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் சென்சாரை 1976-இலும், ஏ.பி.எஸ். பிரேக்கை 1978-இலும் கார்களுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். காரின் கம்ப்யூட்டர்கள் இரண்டே வயரில் பேசிக்கொள்ளும் 'கேன்' முறையை 1986-இல் அறிமுகப்படுத்தியதும் அவர்களே.

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களும் தம் கோளாறைத் தாமே கண்டறிந்து, அந்த மஞ்சள் விளக்கை ஏற்றி, பொதுவான குறியீட்டு எண்ணில் சொல்ல வேண்டும் என்றானது. நம் ஊருக்கு அது பி.எஸ்.-4 புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தோடு வந்தது. 2010 ஏப்ரலில் பெங்களூர், சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் அந்தத் தரம் முதலில் அமலானது. 2013 ஏப்ரலிலிருந்து கண்டறியும் முறையின் இரண்டாம் தலைமுறை கட்டாயமானது. ஸ்டீரிங்குக்குக் கீழே 16 துளை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக்குகள் 'ஸ்கேனர் போட்டுப் பாக்கணும்' என்று சொல்வது அதில் செருகத்தான். செல்போனோடு இணையும் மலிவான கருவியே இப்போது கிடைக்கிறது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன்.

பூஜை முடிந்த மாலையில் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அதைச் செருகினேன். பி0135 என்றது. ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு என்று அதற்குப் பொருள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண் காட்டுவது நோய் இருக்கும் தெருவை, வீட்டு எண்ணை இல்லை. சென்சாரையே மாற்று என்று அது சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தோம். வயர் கடிபட்டு, செம்பு பளிச்சென்று தெரிந்தது. எலி!

பெங்களூர் கீழ்த்தளங்களில் நிற்கும் கார்களின் தலையாய சத்துரு இதுதான். இன்ஜின் சூடு இதமாக இருக்கிறது, வயர் உறை பல்லுக்கு இதமாக இருக்கிறது. புகையிலைக் கட்டு, நாப்தலின் உருண்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் செய்கிறார்கள். என் அனுபவத்தில் பலன் தருவது கம்பி வலையும், காருக்குள் பிஸ்கட் துகள் சிந்தாமல் இருப்பதும்தான்.

அவரோ மூன்று மாதமாக மைலேஜ் குறைவதற்கு எத்தனாலைத் திட்டிக்கொண்டிருந்தார். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி அறிமுகமானது இதே பெங்களூரில்தான். எத்தனாலுக்கு எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்குவது உண்மை. ஆனால், மோப்பம் போன மூக்கோடு இன்ஜின் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தது, அதைவிடப் பெரிய ஓட்டை.

இந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் ஒரு வாரத்துக்குள் காட்டினால் போதும். கண் சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, புகைக்குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டிக்குள் போய் எரிகிறது. அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டால் சிமிட்டியது விளக்கா நம் கண்ணா என்று சந்தேகம் வரும். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதே புத்திசாலித்தனம். பேட்டரி முனையைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துத் தருகிறவர்களும் உண்டு. காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறி வைப்பதுதான் அது.

நந்தி மலை வைத்தியம்

டீசல் கார்களுக்குப் பெங்களூர் ஒரு சாபம். பி.எஸ்.-6 தரம் 2020 ஏப்ரலில் வந்த பிறகு, புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி டீசல் கார்களில் வழக்கமாயிற்று. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. கோரமங்களாவிலிருந்து பெல்லந்தூர் வரை ஊர்ந்து போகும் வண்டியில் அந்தச் சூடு ஏது? கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சிச் சூடேற்றப் பார்க்கும். அதற்குள் வீடு வந்துவிடும், நாம் அணைத்துவிடுவோம். பல இன்ஜின்களில் அந்த எரியாத டீசல் சிலிண்டர் சுவரோரமாக வழிந்து ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருப்பதைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்துகூடப் போகிறார்கள். நீர்த்துப்போன ஆயில் அது, மாற்றியே ஆக வேண்டும்.

புள்ளிகள் நிறைந்த பெட்டி போன்ற மஞ்சள் விளக்கு வந்தால், அன்றே நைஸ் ரோடிலோ விமான நிலையச் சாலையிலோ ஒரே சீரான வேகத்தில் 20 நிமிடமாவது ஓட்டுங்கள். விடிகாலையில் நந்தி மலைக்குச் சூரியோதயம் பார்க்கக் கிளம்பும் இளைஞர் கூட்டம், தங்களுக்குத் தெரியாமலே காருக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறது. தினமும் ஏழெட்டுக் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் இந்த ஊரில் டீசல் கார் வாங்குவதே தப்பு என்பது என் கட்சி.

தொப்பூர் இறக்கத்துக்கு முன்

பொங்கலுக்குப் பெங்களூர்த் தமிழர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறக்கம், சாம்ராஜ்நகர் வழியாகக் கோவை போகிறவர்களுக்குத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள். இங்கேதான் பிரேக் ஆயிலின் வயது தெரியவரும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட்-4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் தரம் கேட்கும் அளவே 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், உள்ளே ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு போல அமுங்கும். இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பிரமாதச் செலவில்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்து வைப்பதற்குச் செலவே இல்லை.

சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அது இல்லையென்றால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகாதீர்கள். பிரேக் பேடு தேயத் தேய அந்த மட்டம் இறங்கும், எங்காவது கசிந்தாலும் இறங்கும். ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், நிதானமாக ஓட்டலாம். சக்கரத்தோரம் இருக்கும் சென்சாரில் நம் சாலைப் பள்ளங்களின் சேறு அப்பியிருக்கலாம். இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள்.

டிசம்பர்க் காலையில் டயர் விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று பதற வேண்டாம். பத்து டிகிரி குளிருக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. வரை காற்று தானே இறங்கும். இரவெல்லாம் நின்ற டயரில், ஓட்டுவதற்கு முன் அளந்து நிரப்பினால் போதும்.

மழைக்காலத்துக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி வெளிவட்டச் சாலை ஏரியாக மாறி, மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போன நாள் நினைவிருக்கும். நீரில் மூழ்கி நின்ற காரைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் ஆபத்து. சிலிண்டருக்குள் போன தண்ணீரை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண இன்சூரன்ஸில் இது பெரும்பாலும் சேராது, இன்ஜினுக்கெனத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

சர்வீஸ் பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஜின் ஃபிளஷ், ஏசி கிருமி நீக்கம், துருத் தடுப்புப் பூச்சு என்று பட்டியல் நீளும்போது, "இது கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாதி வரிகள் காணாமல் போகும். ஃபில்டரும் பிரேக் பேடும் ஜே.சி. ரோடு கடைகளில் நாமே வாங்கித் தரலாம்தான். அட்டைப்பெட்டியின் அச்சு மங்கலாக இருந்து விலை மட்டும் இனிப்பாக இருந்தால், வாங்காமல் நகர்ந்துவிடுவேன்.

மின்சாரக் கார் வந்தால் இந்தத் தொல்லையெல்லாம் ஒழிந்தது என்கிறார்கள். 2001-இலேயே 'ரீவா'வைச் சாலைக்கு விட்ட ஊர் இது. ஆயில் லைட் இல்லை என்பது உண்மை. பல மின்சாரக் கார்களில் அதற்குப் பதிலாக ஓர் ஆமைச் சின்னம் உண்டு. சக்தி குறைந்துவிட்டது, இனி ஆமை வேகம்தான் என்று பொருள். ஆனால், அந்தப் பெரிய பேட்டரியைத் தட்டி எழுப்புவது இன்றும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்.

எங்கள் கீழ்த்தளத்தில் அதே ஆயுத பூஜையன்று கடைசியாக நின்ற வண்டி புத்தம்புதிய மின்சாரக் கார். மாலை போட்டாயிற்று, பழம் வைத்தாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. வண்டி அசையவில்லை. பெரிய பேட்டரியில் முக்கால் பங்கு சார்ஜ் இருந்தது, சின்ன பேட்டரி செத்திருந்தது. ஜம்பர் கேபிளோடு ஓடி வந்தவர் நம் மஞ்சள் விளக்குக்காரர். தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, சிவப்பையும் கறுப்பையும் மாட்டினார். மின்சாரக் காரின் திரை உயிர் பெற்றது, எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? நல்லாத்தான் ஓடுதுன்னு சொன்னேனே!"